நூற்பாலைகளும் காற்றாலைகளும்: ஒரு தொழிற்சாலை கார்பன் உமிழ்வைக் குறைக்கும் முறை

தொழிற்சாலை ஒன்று புதுப்பிக்கத்தக்க ஆற்றலைப் பயன்படுத்தித் தன் கார்பன் உமிழ்வைக் குறைப்பதற்குத் தமிழ்நாட்டில் உள்ள பழைய, பரவலான எடுத்துக்காட்டு, நூற்பாலைகள் நிறுவிய சொந்தக் காற்றாலைகள் ஆகும். இராஜபாளையம், திண்டுக்கல், கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரங்களில் உள்ள மில்கள், தாங்கள் இருக்கும் ஊரில் அல்லாமல், காற்று வீசும் ஊர்களில் நிலம் வாங்கிக் காற்றாலைகளை நிறுத்தியுள்ளன. அந்த ஊர்களில் எங்கள் தென்காசி வட்டாரமும் ஒன்று.

குத்துக்கல்வலசையிலிருந்து சுரண்டைப் பக்கமோ ஆலங்குளம் பக்கமோ சென்றால் வயல்களுக்கு நடுவே வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். வகுப்பில் ஆற்றல் பாடம் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "சார், இந்தக் காத்தாலைக் கரண்டு நம்ம வீட்டுக்கா வருது?" இதற்கு ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஏன் என்று புரிந்துகொண்டால், 'எங்கள் ஆலை 80 சதவீதம் பசுமை மின்சாரத்தில் ஓடுகிறது' என்று ஒரு நிறுவனம் அறிவிக்கும்போது அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரிந்துவிடும்.

காற்று இங்கே ஏன் வீசுகிறது

மேற்குத் தொடர்ச்சி மலை, தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் குறுக்கே சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரில் சில இடைவெளிகள் உண்டு. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் அவை. அகலமான இடத்தில் பரவி வரும் காற்று குறுகிய வழியில் நுழையும்போது வேகம் கூடுகிறது. ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக் கணவாயில் புகும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு எனக் கிழக்கே ஓடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வெளியேதான் முப்பந்தல் இருக்கிறது. காற்றாலை எந்திரங்களைச் சோதிக்கும் மத்திய அரசின் நிலையம் கயத்தாற்றில் அமைந்ததற்கும் இந்தக் காற்றே காரணம். சென்னையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அதை நடத்துகிறது.

காற்றின் வேகத்துக்கும் அதில் உள்ள ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகிறது, மும்மடி விகிதம். ஆகவே ஆடி மாதக் காற்றுக்கும் தை மாதக் காற்றுக்கும் உடம்பில் படும்போது தெரிகிற வித்தியாசத்தைவிட மின்சாரக் கணக்கில் தெரிகிற வித்தியாசம் மிகப் பெரிது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மில்லின் மின் கட்டணம் பறந்துவிடும்.

மில்கள் காற்றாலை வைத்தது எதற்காக

சூழலைக் காப்பதற்காக என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில், செய்து காட்டும் திட்டமாக அரசால் அமைக்கப்பட்டது. காற்றிலிருந்து மின்சாரம் கிடைக்கும் என்று அங்கே தெரிந்த பிறகு 1990-களில் தனியார் நிறுவனங்கள் முப்பந்தலை நோக்கி வந்தன. அப்போது வருமான வரிச் சட்டத்தில் ஒரு பெரிய சலுகை இருந்தது. காற்றாலை வாங்கிய விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாக எழுதி, இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். நல்ல இலாபம் கண்ட ஒரு மில்லுக்கு, வரியாகக் கட்டும் பணத்தில் காற்றாலையின் ஒரு பகுதி வந்துவிட்டது என்றே பொருள். இந்தச் சலுகை பின்னர் 80 சதவீதமாகக் குறைந்தது. 2012-இல் நிறுத்தப்பட்டு, 2014-இல் திரும்ப வந்து, 2017-இல் 40 சதவீதமானது.

இரண்டாவது காரணம் மின்கட்டணம். நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று மின்சாரம். மூன்றாவது காரணத்தை 2008-க்குப் பின் தமிழ்நாட்டில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் உயர் அழுத்த மின் இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. 2012 வாக்கில் நிலைமை இன்னும் மோசமானது. டீசல் ஜெனரேட்டரில் மில் ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு வாரியக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கிடைக்கும் மின்சாரமோ மூன்றரை யூனிட் அளவுதான். காற்றாலை வைத்திருந்த மில்கள் அந்த ஆண்டுகளில் ஓரளவு தாக்குப்பிடித்தன.

குஜராத்தில் ஜவுளித் தொழில் நடத்திவந்த துளசி தாந்தியின் கதையும் இதே வழியில் போனது. மின்சாரச் செலவையும் தட்டுப்பாட்டையும் சமாளிக்கத் தம் ஆலைக்கு இரண்டு காற்றாலைகள் வாங்கியவர், 1995-இல் காற்றாலை செய்யும் சுஸ்லான் நிறுவனத்தையே தொடங்கிவிட்டார்.

இலாபத்துக்காகச் செய்தார்கள் என்பதால் கார்பன் குறைவு பொய்யாகிவிடாது. வளிமண்டலம் யாருடைய நோக்கத்தையும் பார்ப்பதில்லை. ஆனால் நோக்கம் வேறாக இருந்தது என்பதை நினைவில் வைத்தால், பிற்பாடு வந்த கார்பன் கணக்கில் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது எளிதில் விளங்கும்.

சுரண்டையில் சுற்றினால் இராஜபாளையத்தில் எப்படி நூல் ஓடுகிறது

காற்றாலையிலிருந்து மில்லுக்குத் தனிக் கம்பி கிடையாது. காற்றாலையில் பிறக்கும் மின்சாரம் மின்மாற்றியில் அழுத்தம் ஏற்றப்பட்டு, அருகிலுள்ள வாரியத்தின் துணைமின் நிலையத்தில் கலக்கிறது. அங்கே ஒரு மீட்டர். மில்லில் இன்னொரு மீட்டர். மாத முடிவில் முதல் மீட்டரில் ஏறிய யூனிட்டுகளை, இரண்டாம் மீட்டரில் ஓடிய யூனிட்டுகளிலிருந்து கழிக்கிறார்கள்.

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் குளத்தைச் சொல்லித்தான் இதை விளக்குவேன். உங்கள் வாய்க்கால் தண்ணீர் குளத்தின் மேல்பக்கம் விழுகிறது. கீழ்மடையில் நீங்கள் பத்துக் குடம் மொண்டுகொள்கிறீர்கள். மொண்டது உங்கள் வாய்க்கால் தண்ணீர்தானா என்று யாரும் சொல்ல முடியாது. விட்டது எத்தனை குடம், எடுத்தது எத்தனை குடம் என்பதே கணக்கு. மின்சாரத்தில் ஒரு வேறுபாடு உண்டு. குளம் தண்ணீரைத் தேக்கும். மின்கம்பி மின்சாரத்தைத் தேக்காது. விழுந்த கணத்திலேயே யாராவது எடுத்தாக வேண்டும். ஆகவே சுரண்டைக் காற்றாலை சுற்றும்போது அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு அருகிலுள்ள வீட்டு விளக்கிலும் எரியும். பிள்ளைகளின் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை இது. அதன் விலையும் பெயரும் மில்லுக்குப் போகும். 'இல்லை' என்ற விடை அது.

இப்படிக் கடத்திக் கொடுப்பதற்கு வாரியம் வாங்கும் தொகைக்கு வீலிங் கட்டணம் என்று பெயர். சொந்தத் தேவைக்கு மின்சாரம் உற்பத்தி செய்து, அதைப் பொது வலையமைப்பின் வழியே கொண்டுசெல்லும் உரிமையை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வழங்குகிறது. முழுக் காற்றாலை வாங்க வசதியில்லாத மில்கள் பல சேர்ந்து பங்கு போட்டும் வாங்கலாம். அப்படிச் சேர்பவர்களிடம் அந்த மின்நிலையத்தின் 26 சதவீதப் பங்காவது இருக்க வேண்டும், ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்த வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு விதி.

இனி பேங்கிங். ஆடியில் மிஞ்சும் யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, தையில் எடுத்துக்கொள்வதே இது. பழைய காற்றாலைகளுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓராண்டுக்கு இந்த வசதி உண்டு. அதற்காக ஒரு பங்கு யூனிட்டைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு மில்களைக் காற்றாலைப் பக்கம் இழுத்ததில் வரிச் சலுகைக்கு இணையான பங்கு இந்த வசதிக்கு உண்டு என்பது என் கருத்து. கார்பன் கணக்கு குழம்புவதும் இங்கேதான்.

ஒரு மில்லின் கணக்கு

கணக்குக்காக ஒரு நடுத்தர மில்லை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. எந்த ஒரு நிறுவனத்தையும் குறிப்பவை அல்ல.

நூற்பாலையில் ஒரு கிலோ நூலுக்குச் செலவாகும் யூனிட்டை யு.கே.ஜி. என்று சொல்வார்கள். நூல் மெல்லியதாக ஆக, அதாவது நம்பர் கூடக் கூட, இது உயரும். நம் மில்லுக்கு 4 யூனிட் என்று வைப்போம். ஆண்டுக்கு 25 லட்சம் கிலோ நூல் என்றால் 1 கோடி யூனிட் தேவை. இந்திய மின்வலையமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பெரும்பகுதி நிலக்கரி என்பதே காரணம். அப்படியானால் காற்றாலை இல்லாத நிலையில் மில்லின் மின்சார உமிழ்வு ஆண்டுக்கு 7,000 டன்.

இப்போது 250 கிலோவாட் திறனுள்ள பழைய காற்றாலைகள் 18 இருப்பதாகக் கொள்வோம். ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் உண்மையில் கிடைக்கும் என்று வைத்தால், ஏறத்தாழ 80 லட்சம் யூனிட். இதில் 60 லட்சம் மே முதல் செப்டம்பர் வரையிலான ஐந்து மாதங்களில் வருகிறது; மற்ற ஏழு மாதங்களில் 20 லட்சம் மட்டுமே.

மில் ஆண்டு முழுதும் ஒரே சீராக ஓடுகிறது. ஐந்து மாதத் தேவை 42 லட்சம், ஏழு மாதத் தேவை 58 லட்சம். காற்றுக்காலத்தில் 18 லட்சம் யூனிட் மிஞ்சி பேங்கிங்கில் சேர்கிறது; காற்றில்லாத மாதங்களில் அது திரும்பக் கிடைக்கிறது. (பிடித்துக்கொள்ளும் யூனிட்டுகளை இங்கே விட்டுவிட்டேன்.) ஆண்டு முடிவில் வாரியத்திடம் விலைக்கு வாங்கியது 20 லட்சம் யூனிட் மட்டுமே. ஆகவே உமிழ்வு 1,400 டன், 80 சதவீதம் குறைவு. ஆண்டறிக்கையில் அச்சாவது இந்த எண்தான்.

மாதவாரியாகப் பார்த்தால் எண் மாறுகிறது. காற்றில்லாத ஏழு மாதங்களில் மில்லுக்கு வந்த 58 லட்சத்தில் அதே மாதங்களில் காற்றாலை தந்தது 20 லட்சம். மீதி 38 லட்சம் யூனிட்டும் அந்த மாதங்களின் பொது மின்சாரம், பெரிதும் நிலக்கரி. உமிழ்வு 2,660 டன். மணிவாரியாகப் பார்த்தால் இன்னும் கூடும். நல்ல காற்றடிக்கும் ஒரு மதிய வேளையில் 18 காற்றாலைகளும் சேர்ந்து 4,500 கிலோவாட் தரலாம். மில் அப்போது கேட்பது சுமார் 1,150 கிலோவாட் மட்டுமே.

அப்படியானால் 80 சதவீதம் என்பது ஏமாற்றா? இல்லை. ஆடியில் மிஞ்சிய 18 லட்சம் யூனிட் வீணாகவில்லை. வேறு யாரோ அதைப் பயன்படுத்தினார்கள். அந்த அளவுக்கு ஏதோ ஓர் அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிவது அன்று குறைந்தது. காற்றில் கலக்காமல் போன கார்பன் உண்மையானது. கேள்வி, அதை யார் தம் கணக்கில் எழுதுவது என்பதுதான். அந்த 18 லட்சத்தை மில்லும் தன்னுடையது என்று எழுதி, ஆடியில் அதை வாங்கியவரும் தாம் பயன்படுத்தியது பசுமை மின்சாரம் என்று எழுதினால், ஒரு குறைவு இரண்டாகிவிடும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மிஞ்சிய மின்சாரத்தை வலையமைப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் காற்றுக்காலத்தில் சில நாட்களில் காற்றாலைகள் மட்டுமே 10 கோடி யூனிட்டுக்கு மேல் தருகின்றன. தேவை குறைந்த நேரத்திலும் மின்தடத்தில் இடமில்லாத நேரத்திலும் காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது உரிமையாளர்களின் நீண்டநாள் குறை; காற்றாலைகளைக் கட்டாயம் ஓடவிட வேண்டும் என்ற விதியைக் காட்டி வழக்குகளும் நடந்தன. நிறுத்தப்பட்ட காற்றாலை யாருடைய கார்பனையும் குறைப்பதில்லை.

விற்ற குறைவு யாருக்குச் சொந்தம்

கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் 'தூய்மை வளர்ச்சி முறை' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வளரும் நாட்டில் ஒரு திட்டம் கார்பனைக் குறைத்தால், அந்தக் குறைவை டன் கணக்கில் சான்றாக்கி, பணக்கார நாட்டு நிறுவனங்களுக்கு விற்கலாம். தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கமான டாஸ்மா, தன் உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒரே தொகுப்பாக்கி இந்த முறையில் பதிவு செய்தது. மில்காரர்களுக்கு அது கூடுதல் வரவு.

இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, கார்பன் பணம் வராவிட்டால் இந்தக் காற்றாலைகள் வந்திருக்காதா? அந்த முறையின் விதிப்படி இதை நிரூபிக்க வேண்டும். வரிச் சலுகை, மின்வெட்டு, பேங்கிங் எல்லாவற்றையும் மேலே பார்த்தோம். அவற்றை வைத்துப் பார்த்தால் பல காற்றாலைகள் எப்படியும் வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு, ஒரு டன் குறைவை ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்கு விற்ற பிறகு, மில் அதே டன்னைத் தன் சாதனையாகச் சொல்லலாமா? சொல்லக்கூடாது. நெல்லை விற்றவன் குதிரில் நெல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2012-க்குப் பிறகு அந்தச் சான்றுகளின் விலை விழுந்துவிட்டதால் வழக்கு குறைந்தது. கேள்வி அப்படியே இருக்கிறது. இந்தியா 2023 ஜூனில் தனக்கென ஒரு கார்பன் வணிகத் திட்டத்தை அறிவித்திருப்பதால் அது மறுபடியும் முக்கியமாகிறது.

உலக அளவில் நிறுவனங்கள் பின்பற்றும் பசுமைக்குடில் வாயு நெறிமுறை, உமிழ்வை மூன்று வரம்புகளாகப் பிரிக்கிறது. ஆலைக்குள்ளேயே எரிக்கும் எரிபொருள் முதல் வரம்பு. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாவது. பஞ்சு விளைவித்தல், லாரிப் போக்குவரத்து போன்ற மற்றவை மூன்றாவது. இரண்டாம் வரம்பை இரண்டு விதமாகக் கணக்கிட்டு இரண்டையும் வெளியிட வேண்டும் என்று 2015-இல் வந்த வழிகாட்டி சொல்கிறது. ஆலை இருக்கும் இடத்தின் வலையமைப்புச் சராசரியை வைத்து ஒன்று; ஒப்பந்தங்களையும் சான்றுகளையும் வைத்து மற்றொன்று. இரண்டும் அருகருகே இருந்தால் படிப்பவருக்கு நிலைமை தெரிந்துவிடும். இந்தியாவில் பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022–23 முதல் தங்கள் ஆற்றல் பயன்பாட்டையும் உமிழ்வையும் அறிக்கையாகத் தர வேண்டும் என்பது செபியின் கட்டளை. இந்த அறிக்கைகளை எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

காற்றாலை எட்டாத இடம்

நூற்பாலைக்குக் காற்றாலை இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம், அங்கே ஆற்றல் என்றால் அநேகமாக மின்சாரம் மட்டுமே. புளோரூம், கார்டிங், சிம்ப்ளக்ஸ், ரிங் பிரேம், காற்றில் ஈரப்பதம் காக்கும் எந்திரம் எல்லாம் மோட்டாரில் ஓடுபவை. திருப்பூரில் சாயப்பட்டறைக்குப் போனால் கதை மாறும். அங்கே கொதிகலனில் விறகோ கரியோ எரிய வேண்டும்.

சிமெண்டில் தடை இன்னும் ஆழமானது. திருநெல்வேலி அருகே தாழையூத்து சங்கர்நகரில் 1949-இல் உற்பத்தி தொடங்கிய சிமெண்ட் ஆலை எங்கள் பகுதி மாணவர்கள் அறிந்தது. சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் 100 கிலோவுக்கு 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடும் பிரிகின்றன. இந்த 44 கிலோ எரிபொருளிலிருந்து வருவது அல்ல. கல்லுக்குள் இருந்தே வருவது. சிமெண்ட் தொழிலின் உமிழ்வில் சுமார் 60 சதவீதம் இந்த வேதிவினையால் ஏற்படுகிறது. எத்தனை காற்றாலை வைத்தாலும் அது குறையாது. சாம்பல், கசடு போன்றவற்றைக் கலந்து கிளிங்கரின் அளவைக் குறைப்பதே அங்கே முதல் வழி.

மீதமுள்ள 38 லட்சம் யூனிட்

நம் மில்லுக்குத் திரும்புவோம். காற்றில்லாத ஏழு மாதங்களின் 38 லட்சம் யூனிட்டை என்ன செய்வது?

முதலில் செலவைக் குறைப்பது. மில்லின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் ரிங் பிரேம் எடுத்துக்கொள்கிறது. எடை குறைந்த ஸ்பிண்டில்கள், திறன்மிக்க மோட்டார்கள், ஈரப்பத எந்திரத்தின் விசிறிகளுக்கு வேகக் கட்டுப்பாடு, அழுத்தக் காற்றுக் குழாய்களில் ஒழுகலை அடைப்பது ஆகியவற்றால் யு.கே.ஜி. 4-இலிருந்து 3.6-க்கு இறங்கினால் ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட் மிச்சம், 700 டன். இதற்கு வீலிங் கட்டணம் இல்லை, பேங்கிங் இல்லை. தை மாத நள்ளிரவிலும் இது வேலை செய்யும். காற்றாலைத் திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் விளம்பரம் காற்றொழுகலை அடைத்த பிட்டருக்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது சூரியன். காற்று ஓய்ந்த பின், ஜனவரி முதல் ஏப்ரல் வரை தென் மாவட்டங்களில் வெயிலுக்குக் குறைவில்லை. மில் கூரையில் சுமார் ஒரு லட்சம் சதுர அடி கிடைத்தால் ஒரு மெகாவாட் சூரியத் தகடுகள் வைக்கலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 15 லட்சம் யூனிட் வரும். அதில் 9 லட்சம் அந்த ஏழு மாதங்களில் கிடைக்கும். உற்பத்தியாகும் இடத்திலேயே செலவாவதால் மாதக் கணக்கிலும் அது நேராக நிற்கும். இரவு ஷிப்ட்டுக்கு மட்டும் உதவாது. அதற்குப் பேட்டரி வேண்டும்.

மூன்றாவது, பழைய காற்றாலைகளை மாற்றுவது. 1990-களில் வந்தவர்கள் காற்று நன்றாக வீசும் இடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே நிற்பவையோ குட்டையான, சிறிய எந்திரங்கள். நம் மில்லின் 18 காற்றாலைகள் தருவதை, உயரமான கோபுரத்தில் நிற்கும் 2 மெகாவாட் எந்திரங்கள் இரண்டே தந்துவிடும். உயரத்தில் காற்று சீராக இருப்பதால் பருவமில்லாத மாதங்களிலும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். தமிழ்நாடு அரசு 2024-இல் இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆனால் பழைய எந்திரங்கள் நெருக்கமாக, ஆளுக்கொன்றாகப் பலருக்குச் சொந்தமாக நிற்கின்றன. பெரிய எந்திரம் ஒன்றுக்கு அதிக இடைவெளி வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். துணைமின் நிலையம் கூடுதல் மின்சாரத்தைத் தாங்க வேண்டும். பழைய காற்றாலையைக் கழற்றினால் ஓராண்டு பேங்கிங் உரிமை என்ன ஆகும் என்பது உரிமையாளர் ஒவ்வொருவரும் முதலில் கேட்கும் கேள்வி. இந்தக் கொள்கையும் நீதிமன்றப் படியேறியது. அதுவரை சுரண்டைச் சாலையின் இருபுறமும் அந்தக் குட்டைக் காற்றாலைகள் வைகாசியில் எழுந்து ஐப்பசியில் ஓய்ந்துகொண்டிருக்கின்றன.